எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்!



அரூர் கடைத்தெருவுக்குப் போய் "பட்டறைக்கு ஒரு எல்.இ.டி. விளக்கு வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்டு?" என்பதாகத்தான் இருக்கும். தீர்த்தமலையிலிருந்து பஸ் ஏறிப் போனவரும் தயங்காமல் ஒன்பது என்றோ இருபது என்றோ சொல்லி வாங்கி வந்துவிடுவார். இரவு அதை மாட்டிப் போட்டால் நிமிர்ந்து பார்க்கும்போது கண் கூசும். குனிந்து பார்த்தால், கையில் இருக்கும் போல்ட்டின் மரை தெரியாது. விளக்கில் ஒரு குறையும் இருக்காது. கடையில் கேட்ட கேள்விதான் பொருத்தமில்லாதது.

எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று இன்று பார்ப்போம்.

நம் மலையடிவாரத்து ஊர்களில் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை இருப்பதுண்டு. மேலே தகர சீட்டு அல்லது சிமென்ட் சீட்டு. உள்ளே ஒரு பைக், மண்வெட்டி, உர மூட்டை. சுவரோரம் ஒரு மேசை, அதன் முனையில் ஒரு வைஸ். சிலர் அங்கே வண்டி பழுது பார்ப்பார்கள், சிலர் மோட்டாருக்குக் காயில் கட்டுவார்கள். சித்திரை வெயிலில் போர் மோட்டார் எரிந்துபோனால் தோட்டத்துப் பயிர் விடியும்வரை காத்திருக்காது. வேலை ராத்திரியிலேயே நடக்க வேண்டும். மயிரிழைபோல் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றுகிறவருக்கு விளக்கு என்பது ஸ்பேனர், சுத்தியலுக்கு இணையான கருவி. அதையும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் கவனத்தோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அந்த வாட்டை முடித்துவிடுவோம். வாட் என்பது விளக்கு எவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைச் சொல்வது வேறு ஓர் அலகு, லூமென். குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தில் இரண்டையும் கலந்து பேசினாலும் தவறில்லை. ஏனென்றால் எல்லாக் குண்டு பல்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி வேலை செய்தன. 60 வாட் பல்பு என்றால் சுமார் 700 லூமென் என்று கணக்குச் சொல்லிவிடலாம். இன்று ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே 900 லூமென் தருகிறது. அதே 9 வாட்டில் இன்னொரு கம்பெனியின் மட்டமான பல்பு 700 லூமென்தான் தரும். ஆகவே டப்பாவைத் திருப்பி லூமென் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல கம்பெனிகள் அதை அச்சிட்டிருக்கும். அச்சிடாத டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? குண்டு பல்பு ஒரு டங்ஸ்டன் இழையைச் சுமார் 2400 டிகிரி செல்சியஸ் வரை பழுக்கக் காய்ச்சி, அதிலிருந்து வரும் ஒளியைத் தருகிறது. கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மற்றதெல்லாம் வெப்பம். எல்.இ.டி.யில் எதையும் காய்ச்சுவதில்லை. கடுகளவுப் படிகம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் எலெக்ட்ரான்கள் மிகுதியாக இருக்கும். மறுபக்கத்தில் எலெக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்துக்குத் 'துளை' என்று பெயர். மின்சாரம் இரண்டையும் நடு எல்லைக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. எலெக்ட்ரான் துளைக்குள் விழுகிறது. விழும்போது தன்னிடமிருந்த ஆற்றலில் ஒரு பகுதியை இழக்கிறது. இழந்த அந்த ஆற்றல்தான் ஒளித்துகளாக வெளியே வருகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் படிகத்தின் இயல்பு தீர்மானிக்கிறது. சிறிய விழுதல் என்றால் சிவப்பு. பெரிய விழுதல் என்றால் நீலம்.

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை ஒளிரச் செய்தார். பச்சையும் மஞ்சளும் பின்னால் வந்தன. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் யாருக்கும் சரியாகக் கைகூடவில்லை. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை இல்லை. வெள்ளை இல்லாவிட்டால் வீட்டுக்கு விளக்கும் இல்லை. காலியம் நைட்ரைடு என்ற படிகத்தால் முடியும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகாசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் நம்பினார்கள். 1986இல் குறை குறைந்த படிகத்தை வளர்த்துக் காட்டினார்கள். அதே நாட்டில், ஷிகோகு தீவில், நிச்சியா என்ற சிறிய ரசாயனக் கம்பெனியில் ஷுஜி நகமுரா தனியே போராடிக்கொண்டிருந்தார்.

இந்த நகமுராவைப் பற்றிச் சொல்லாமல் பட்டறை விளக்கைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கம்பெனியில் தொடக்க ஆண்டுகளில் பெரிய கருவிகள் வாங்கப் பணம் கிடையாது. உலையை அவரே கட்டினார். குவார்ட்ஸ் குழாய்களை அவரே உருக்கி ஒட்டினார். உடைந்ததைப் பழுது பார்த்தார். படிகம் வளர்க்கும் கருவிக்குள் வாயுக்கள் பாயும் வழியைத் தன் கையாலேயே மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தார். அப்படித்தான் 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி. பிறந்தது. இயற்பியல் படித்தவர்கள் உலகெங்கும் எத்தனையோ பேர் இருந்தார்கள். வெல்டிங் தெரிந்த பொறியாளர் ஒருவர் இருந்ததால் விளக்கு வந்தது என்று சொன்னால் அது மிகை ஆகாது. 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் கிடைத்தது. உங்கள் மாமா எல்.இ.டி. வெளிச்சத்தில் வைஸை முடுக்கும்போது இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

நீலம் கிடைத்த பிறகு வெள்ளை எளிதாகிவிட்டது. நீலப் படிகத்தின் மேல் மஞ்சள் நிற ஒளிரும் பொடியைப் பூசினார்கள். நீல ஒளியில் ஒரு பகுதி அந்தப் பொடியில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. அணைத்து வைத்த எல்.இ.டி. டார்ச்சின் கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள். மஞ்சள் பொட்டு ஒன்று தெரியும். அது அந்தப் பொடிதான். இந்த மஞ்சளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நம் நாட்டில் எல்.இ.டி. பல்பு ஏழை வீட்டுக்கும் எட்டியது 2015 ஜனவரி 5இல் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்குப் பிறகு. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

சரி, நம் கொட்டகைக்கு எத்தனை லூமென் வேண்டும்?

வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது பார்த்திருப்பீர்கள். போரிலிருந்து அதே அளவு தண்ணீர்தான் வருகிறது. சின்னப் பாத்தியில் விட்டால் கணுக்கால் அளவு நிற்கும். பெரிய பாத்தியில் விட்டால் மண் நனைவதோடு சரி. விளக்கிலிருந்து வரும் லூமென் அந்தத் தண்ணீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் விழுகிறது என்பது பாத்தியில் நிற்கும் ஆழம். இந்த ஆழத்துக்கு லக்ஸ் என்று பெயர். வேலை செய்கிறவருக்கு வேண்டியது லக்ஸ்தான்.

உச்சி வெயிலில் தீர்த்தமலைக் கோயில் படியில் நின்றால் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். முழுநிலா இரவில் அதே படியில் கால் லக்ஸ் அளவுதான். இரண்டுக்கும் இடையே நான்கு லட்சம் மடங்கு வித்தியாசம். ஆனாலும் நம் கண் இரண்டிலும் படியைப் பார்த்து நடந்துவிடுகிறது! கண்ணின் இந்தத் திறமையே நம்மை ஏமாற்றிவிடுகிறது. மங்கலான இடத்திலும் பழகிவிடுவதால் "வெளிச்சம் போதும்" என்று நினைத்துக்கொள்கிறோம். பொருட்களை எடுத்து வைக்க 100 லக்ஸ் போதும். பழுது பார்க்க 300 வேண்டும். காயில் கட்டுவது, சின்னத் திருகுகளை மாட்டுவது போன்ற நுணுக்க வேலைக்கு 500க்கு மேல் வேண்டும். கூரையின் நடுவில் தனியாகத் தொங்கும் ஒரு 9 வாட் பல்பு, இரண்டு மீட்டர் கீழே இருக்கும் மேசைக்கு உத்தேசமாக 30 லக்ஸ்தான் தரும்.

இதில் வயதும் சேர்கிறது. அறுபது வயதானவரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. "தெளிவாகத்தானே தெரியுது தாத்தா" என்று நீங்கள் சொல்லும்போது, அவர் வேறு ஒரு கொட்டகையில் நிற்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. கொட்டகை பத்தடி அகலம், பதினைந்தடி நீளம் என்று வைப்போம். மீட்டரில் மூன்றுக்கு நாலரை, பரப்பு 13.5 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமென்றால் 13.5 × 300 = 4050 லூமென். ஆனால் விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் மேசைக்கு வந்து சேராது. சுவர் கொஞ்சம் விழுங்கும், தூசி கொஞ்சம் விழுங்கும். பத்தில் ஆறு பங்கு வந்து சேர்வதாக வைத்தால் 4050-ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும்: 6750 லூமென். நான்கடி நீள 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று சுமார் 2000 லூமென் தரும். ஆக, நான்கு டியூப். மொத்தம் 80 வாட்.

நான்கா, கரண்ட் பில் எகிறாதா என்று வீட்டில் கேட்பார்கள். அதையும் போட்டுக் காட்டுங்கள். தினம் நாலு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட். இதே 8000 லூமெனைக் குண்டு பல்பில் பெற 60 வாட் பல்பு பன்னிரண்டு மாட்ட வேண்டும். அப்போது இரண்டு மாதத்துக்கு 173 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே புரியும்.

எண்ணிக்கை முடிந்தது. எங்கே மாட்டுவது? பட்டறை விளக்கில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். வழக்கமாக விளக்கைக் கூரையின் நட்டநடுவில் மாட்டுவார்கள். வேலை மேசையோ சுவரை ஒட்டி இருக்கும். மேசையைப் பார்த்து நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். தலையின் நிழல் சரியாக வேலையின் மேல் விழும். குனியக் குனிய இருட்டும். விளக்கை இன்னும் பெரிதாக மாற்றினால் நிழலைச் சுற்றித்தான் வெளிச்சம் கூடும், நிழல் அப்படியே இருக்கும்.

வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருட்டறையில் ஒரு டார்ச்சுக்கு முன்னால் கையை நீட்டுங்கள். சுவரில் கருநிழல் விழும். இப்போது தம்பியிடம் இரண்டாவது டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். நிழல் இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே வெளுத்துப்போகும். ஒன்றின் நிழலில் மற்றதன் ஒளி விழுகிறது. அதனால்தான் 80 வாட்டில் ஒரே பெரிய விளக்கை வாங்காமல் நான்கு நீள டியூப்களைச் சொன்னேன். அவற்றில் ஒன்றை மேசையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, மேசைக்கு இணையாக மாட்டச் சொல்லுங்கள். நிற்கிறவரின் தலைக்கு முன்னால் விளக்கு வந்துவிடும். இன்னொன்றை வண்டி நிற்கும் பக்கத்தில், சுவரில் இடுப்புக்கு மேலே மாட்டினால் எஞ்சினின் பக்கவாட்டில் வெளிச்சம் விழும். கூரையிலிருந்து விழும் ஒளி எஞ்சினின் அடிப்பக்கத்துக்கு எந்தக் காலத்திலும் போகாது.

நுணுக்க வேலைக்கு வளையும் கழுத்துள்ள ஒரு சின்ன மேசை விளக்கு வைத்துக்கொள்வது எல்லாவற்றையும்விட லாபம். சிறிய விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், மூன்றில் ஒன்றாக்கினால் ஒன்பது மடங்காகும். கூரையில் வாட்டைக் கூட்டுவதைக் காட்டிலும் விளக்கைக் கிட்டே இழுப்பது மலிவு.

இன்னொரு மலிவான வழியும் உண்டு. சுண்ணாம்பு! வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 70, 80 பங்கைத் திருப்பி அனுப்பும். புகையும் கிரீஸும் படிந்த சுவர் 10 பங்கைக்கூட அனுப்பாது. என்னைக் கேட்டால், கொட்டகைக்கு வாங்க வேண்டிய முதல் விளக்கு ஒரு வாளி சுண்ணாம்பு என்பேன். கூரைத் தகரத்தின் உள்பக்கத்துக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தால் இன்னும் நல்லது.

அடுத்தது நிறம். டப்பாவில் 2700, 4000, 6500 என்று ஏதாவது ஓர் எண்ணும், பக்கத்தில் 'கே' என்ற எழுத்தும் இருக்கும். கே என்பது கெல்வின். இரும்பை உலையில் வைத்தால் முதலில் மங்கிய சிவப்பாகும், பிறகு ஆரஞ்சாகும், பிறகு மஞ்சளாகும். சூடு ஏற ஏற நிறம் மாறும். நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் காலத்துக் கொல்லர்கள் தெர்மாமீட்டர் இல்லாமல் நிறத்தைப் பார்த்துத்தானே சூட்டை அறிந்திருப்பார்கள்! டப்பாவில் உள்ள எண்ணும் அதே வழியில் வந்ததுதான். 2700 என்றால் குண்டு பல்பின் மஞ்சள், 6500 என்றால் மேகம் மூடிய பகலின் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே 6500-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். பட்டறைக்கு 4000-ஐக் கேட்டு வாங்குங்கள் என்பது என் கட்சி. நீலம் மிகுந்த ஒளி, "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லித் தூக்கத்தைத் தள்ளிப்போடும். இரவு பத்து மணிவரை வேலை செய்துவிட்டுப் போய்ப் படுக்கிறவருக்கு அது தொந்தரவு.

ஆனால் கெல்வினைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. சி.ஆர்.ஐ., அதாவது பொருட்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். 100 என்றால் முழு மதிப்பெண். நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. விளக்கில் சிவப்பு இல்லாவிட்டால் சிவப்புப் பொருள் எதைத் திருப்பி அனுப்பும்? பழுப்பாகத்தான் தெரியும். மூன்று பேஸ் வயர்கள் நம் நாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம். ரேடியோப் பலகையில் உள்ள மின்தடையின் மதிப்பைப் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காயில் நன்றாக இருக்கிறதா, சூடேறிக் கருகத் தொடங்கிவிட்டதா என்பதை வார்னிஷின் நிறம்தான் மெக்கானிக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே சி.ஆர்.ஐ. 80க்குக் குறைந்த விளக்கைப் பட்டறையில் மாட்டவே கூடாது. பெயின்ட் அடிக்கும் வேலை இருந்தால் 90 வேண்டும்.

சோதனை எளிது. ஒரு பழுத்த மிளகாயையும் உங்கள் உள்ளங்கையையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு விளக்கடியில் பாருங்கள். மிளகாய் மங்கி, உள்ளங்கை சோகை பிடித்ததாகத் தெரிந்தால் விளக்கில் சிவப்புப் பஞ்சம். பழைய சி.டி. ஒன்று கிடைத்தால் அதன் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் பிம்பத்தைச் சாய்த்துப் பாருங்கள். வானவில் விரியும். எந்த நிறம் குறைகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்காதீர்கள். வெல்டிங் சுடரையும்தான்.

இனி வருவது உயிருக்கே ஆபத்தான விஷயம், கவனமாகப் படியுங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பூச்சியத்தைத் தொடுகிறது. மட்டமான எல்.இ.டி. விளக்கு, மின்சாரத்தைச் சீராக்கும் மின்தேக்கியில் காசை மிச்சம் பிடித்திருக்கும். அது நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. சுழலும் இயந்திரத்தில்தான் விபரீதம் தெரியும்.

பொதுவான ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும். நொடிக்கு 24. அதன் முனையில் நான்கு கை உள்ள புல்லி இருக்கிறது என்போம். நூறில் ஒரு நொடியில் புல்லி 0.24 சுற்று, அதாவது 86.4 டிகிரி திரும்பும். நான்கு கையும் 90 டிகிரி இடைவெளியில் இருக்கின்றன. ஆக ஒவ்வொரு மினுக்கிலும் ஒரு கை, முன்னால் இருந்த கையின் இடத்துக்கு 3.6 டிகிரி குறைவாக வந்து நிற்கும். பார்க்கிறவருக்குப் புல்லி நொடிக்கு ஒரே சுற்றாக, மெதுவாக, பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும்! மோட்டார் சரியாக 1500 சுற்றில் ஓடினால்? 3.6-ம் இல்லை. புல்லி அசையாமல் நிற்பதாகவே தெரியும். நின்றுவிட்டது என்று கையை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டியூப்லைட் காலத்திலேயே பெரிய ஆலைகளில் இந்தப் பயம் இருந்தது. அடுத்தடுத்த டியூப்களை வெவ்வேறு பேஸில் இணைத்தார்கள். ஒன்று மங்கும் நேரத்தில் மற்றொன்று பிரகாசமாக இருக்கும்.

நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) உள்ள எல்.இ.டி. விளக்கில் இந்த மினுக்கல் அநேகமாக இராது. கண்டுபிடிக்க அம்மாவின் செல்பேசி போதும். கேமராவைத் திறந்து விளக்குக்கு அருகே கொண்டுபோங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு மினுக்குகிறது. பட்டைகள் எவ்வளவு கறுப்பாக இருக்கின்றனவோ அவ்வளவு மோசம். கடையிலேயே விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி இதைச் செய்து பாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாகச் சூடு. எல்.இ.டி. சூடாகாது என்று சொல்வார்கள். அதன் ஒளிக்கற்றையில் வெப்பம் குறைவு என்பது உண்மை. ஆனால் படிகத்தின் முதுகுப்புறம் நன்றாகவே சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும். நம் மாவட்டத்துக் கோடையில் தகர சீட்டு கை வைக்க முடியாமல் காயும். விளக்கைத் தகரத்தோடு ஒட்டி மாட்டினால் சூடு வெளியேறாது, மேலே இருந்தும் இறங்கும். டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கியில் திரவம் உண்டு. சூடு பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 25,000 மணி நேரம் என்று டப்பாவில் போட்ட விளக்கு இரண்டே கோடையில் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, மரச் சட்டத்திலோ இரும்புச் சட்டத்திலோ மாட்டச் சொல்லுங்கள். வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர் புகாத ஐ.பி. 65 விளக்கு வேண்டும். வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் நட்சத்திர முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மாட்டும் வேலை பெரியவர்களுடையது. மெயினை அணைத்துவிட்டு, எர்த் இருக்கிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. ஏணியில் நீங்கள் ஏறக் கூடாது.

ஆனால் அதற்கு முந்தைய வேலை முழுக்க உங்களுடையது. இருட்டிய பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போங்கள். தரையில் மூன்றடிக்கு மூன்றடி கட்டம் போடுங்கள். செல்பேசிகளில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு கண் முன்பக்கத்தில் இருக்கும். அதைப் படிக்கும் லக்ஸ் மீட்டர் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் செல்பேசியை முகம் மேலாக வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் துல்லியமாக இராது. ஆனால் எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்ற ஒப்பீடு சரியாகவே இருக்கும். மேசைமேல் இரண்டு முறை அளந்து பாருங்கள்: ஒருமுறை தள்ளி நின்று, ஒருமுறை மாமாவை வேலை செய்கிற மாதிரி குனிந்து நிற்கச் சொல்லி. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடமே காட்டுங்கள். பிறகு ஒரு தாளில் கொட்டகையின் படம் வரைந்து, எண்களை நிரப்பி, நான்கு டியூப்களும் எங்கே வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுங்கள். எலெக்ட்ரீசியன் வரும் அன்று அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.